நாடித் துடிப்பும் நாணயமும்

மனிதன் நாவினால் மறைப்பதை அவனுடைய உடல் வெளிப்படுத்திவிடும் என்னும் எண்ணம் மிகத் தொன்மையானது. பொய் சொல்பவனின் முகம் வெளிறும், வாய் உலரும், குரல் தழுதழுக்கும், கை நடுங்கும் என்று எல்லா நாட்டு மக்களும் தம் அனுபவத்தில் கண்டு கூறியுள்ளனர். இந்த எண்ணத்திற்கு இருபதாம் நூற்றாண்டு ஓர் இயந்திர வடிவம் கொடுத்தது. 'பாலிகிராப்' எனப்படும் பொய்யறி கருவியே அது. மார்பைச் சுற்றிக் கட்டப்படும் குழாய் மூச்சின் ஏற்ற இறக்கத்தை அளக்கும். புயத்தில் சுற்றப்படும் பட்டை இரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் அளக்கும். விரல் நுனியில் பொருத்தப்படும் தகடுகள், வியர்வையினால் தோலில் உண்டாகும் மின்மாற்றத்தை அளக்கும். இவை யாவும் கோடுகளாகப் பதிவாகும். முன்பு ஓடும் தாளில் பதிந்த அக்கோடுகள் இப்போது கணினித் திரையில் பதிகின்றன.

குற்றவாளிகளை விசாரிக்கக் காவல் துறையினர் இக்கருவியைக் கையாளுகின்றனர் என்பதை வாசகர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பர். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு காலத்தில் இக்கருவியின் முன் அமர்த்தப்பட்டோருள் பெரும்பாலோர் குற்றவாளிகள் அல்லர். வேலை தேடி வந்தவர்களும் வேலையில் இருந்தவர்களுமே ஆவர். எந்தக் குற்றமும் சாட்டப்படாத ஒருவர், தாம் திருடர் அல்லர் என்பதைத் தம் நாடித் துடிப்பைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்த வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, அதனை ஏமாற்ற எவ்வகை முயற்சிகள் நடைபெற்றன, இறுதியில் சட்டம் என்ன செய்தது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பழைய வேர்கள்

பண்டைய இந்தியச் சட்ட நூல்கள் கூறும் தெய்விகச் சோதனைகளுள் அரிசி மெல்லும் சோதனையும் ஒன்று. ஐயத்திற்குரியவன் அரிசியை மென்று உமிழ வேண்டும். அஞ்சியவனுக்கு உமிழ்நீர் சுரப்பது குறையும் என்னும் உடலியல் உண்மை அச்சோதனையில் மறைந்திருந்தது எனலாம். ஆனால் அங்கும் ஒரு வினா எழுகின்றது. குற்றமற்றவனுக்கு அச்சம் வராதா? ஊரார் சூழ்ந்து நிற்க, தன் மானம் தராசில் ஊசலாட, அவனுடைய வாயும் உலரத்தானே செய்யும்?

நாடியைப் பிடித்து உள்ளத்தை அறியும் கலையில் மருத்துவர்கள் முன்னோடிகளாக இருந்தனர். ஹிஜ்ரி 428, அதாவது கி.பி. 1037-இல் மறைந்த மாமேதை இப்னு ஸீனா, 'அல்கானூன்' என்னும் தம் மருத்துவப் பெருநூலில் 'இஷ்க்' எனப்படும் காதல் நோயைப் பற்றி எழுதியுள்ளார். நோயாளி தன் அன்புக்குரியவர் யார் என்பதைச் சொல்ல மறுக்கும்போது, அவருடைய நாடியின் மீது விரல் வைத்தவாறு பல பெயர்களையும் இடங்களையும் மீண்டும் மீண்டும் கூறிவர வேண்டும். குறிப்பிட்ட ஒரு பெயரில் நாடி திரும்பத் திரும்ப மாறுபடுமாயின் அதனைக் கொண்டு ஆளை அறியலாம் என்பது அவர் காட்டும் முறை. இலத்தீனில் பெயர்க்கப்பட்டுப் பதினேழாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் பாடமாக இருந்த நூல் அது. கிரேக்க மருத்துவர்களைப் பற்றியும் இதையொத்த வரலாறுகள் உண்டு.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்னு ஸீனா நாடியைப் பார்த்தது நோயைத் தீர்ப்பதற்காக; நோயாளியைத் தண்டிப்பதற்காக அன்று. நாடி மாறுவது உள்ளக் கலக்கத்தின் அடையாளம் என்றே அவர் கொண்டார். அது பொய்யின் அடையாளம் என்று அவர் சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கியது பின்னால் வந்த காலம். 'ராபின்சன் குரூசோ' எழுதிய ஆங்கில ஆசிரியர் டேனியல் டீபோ, 1730-ஐ ஒட்டி லண்டன் தெருக்கொள்ளையைத் தடுக்க வழி கூறும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். ஐயத்திற்குரியவனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தால் திருடனை அறியலாம் என்பது அவருடைய யோசனைகளுள் ஒன்று. மருத்துவரின் விரல் காவலரின் விரலாக மாறும் தொடக்கத்தை நாம் இங்கே காண்கிறோம்.

கருவி பிறந்த கதை

1895-இல் இத்தாலியக் குற்றவியலார் சேசரே லொம்புரோசோ, குற்ற விசாரணையில் இரத்த ஓட்டத்தை அளக்கும் கருவியைப் பயன்படுத்தியதைப் பதிவு செய்தார். 1914-இல் விட்டோரியோ பெனுசி என்பார் பொய் சொல்லும்போது மூச்சு மாறும் விதம் பற்றி ஆய்வு வெளியிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பயின்ற வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யை அறியலாம் என்று அறிவித்தார். தொட்டவரை உண்மை பேச வைக்கும் மாயக்கயிறு ஏந்திய 'வொண்டர் உமன்' என்னும் சித்திரக்கதை நாயகியை 1941-இல் படைத்தவரும் இவரே. அறிவியலும் கற்பனையும் இக்கருவியின் பிறப்பிலேயே கைகோத்து நின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல் துறையில் பணியாற்றிய ஜான் லார்சன், 1921-இல் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் இடைவிடாது பதியும் கருவியை அமைத்தார். உடலியலில் டாக்டர் பட்டம் பெற்ற காவலர் இவர். அவரிடம் பழகிய இளைஞர் லியோனார்ட் கீலர் அதனைப் பெட்டியில் எடுத்துச் செல்லத்தக்க வடிவில் திருத்தி, 1931-இல் காப்புரிமை பெற்றார். ஆசிரியரும் மாணவரும் போன்றிருந்த இவ்விருவரும் பின்னர் இரு துருவங்களாயினர். லார்சன், தாம் உருவாக்கிய பொருள் மக்களை மிரட்டும் கருவியாக மாறிவிட்டதே என்று வருந்தி, அதன் வணிகப் பயன்பாட்டை எதிர்த்தார். கீலரோ அதனைத் தொழிலாக்கிச் சிகாகோ நகரில் புகழ் பெற்றார்.

நீதிமன்றம் மறுத்தது, வணிகம் வரவேற்றது

1923-இல் வாஷிங்டன் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 'ஃப்ரை' வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞர், மார்ஸ்டனின் சோதனை முடிவைத் தமக்குச் சாதகமான சான்றாக ஏற்குமாறு வேண்டினார். அந்தத் துறை அறிஞர்களிடையே பொதுவான ஒப்புதல் பெறாத முறையைச் சான்றாக ஏற்க இயலாது என்று நீதிமன்றம் மறுத்தது. அமெரிக்க நாட்டின் அறிவியல் சான்றுகள் பற்றிய சட்டத்திற்கே இத்தீர்ப்பு நெடுங்காலம் அடிப்படையாக விளங்கிற்று.

நீதிமன்ற வாயில் அடைபட்ட கருவிக்கு வணிக நிலையங்களின் வாயில் திறந்தது. நீதிமன்றத்தில் சாட்சிய விதிகள் உண்டு, வழக்கறிஞர் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, மேல்முறையீடும் உண்டு. வேலை கேட்டு நிற்பவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. "உமக்கு வேலை இல்லை" என்ற ஒரே சொல்லோடு காரியம் முடிந்துவிடும்.

1930-களில் சிகாகோ வங்கிகள் தம் ஊழியர்களைக் கீலரின் கருவியின் முன் அமர்த்தின. சிறுசிறு தொகைகளை எடுத்ததாக ஒப்புக்கொண்டோர் பலர் இருந்தனர். கருவி பொய்யைக் கண்டுபிடித்தது என்பதைவிட, கண்டுபிடித்துவிடும் என்ற அச்சம் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொணர்ந்தது என்பதே பொருந்தும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946-இல் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் அணு ஆலையில் பணியாளர் சோதனை தொடங்கி, 1953 வரை நடைபெற்றது. உளவுத் துறைகளும் இதனை வழக்கமாக்கிக் கொண்டன. பின்னர் சில்லறைக் கடைகள், உணவு விடுதிகள், நகைக் கடைகள் என எங்கும் பரவிற்று. 1977-இல் கொலராடோ மாநிலத்தின் கூர்ஸ் மது ஆலையில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, பொய்யறி சோதனையும் அவர்களுடைய மனக்குறைகளுள் முக்கியமான ஒன்றாக இருந்தது. 1980-களின் நடுவில் அந்நாட்டில் ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் சோதனைகள் நடைபெறுவதாக மதிப்பிடப்பட்டது. அவற்றுள் பெரும் பகுதி தனியார் நிறுவனங்கள் நடத்தியவை.

சோதனை அறையில் நடப்பது என்ன?

இச்சோதனையை ஏமாற்றும் முயற்சிகளை விளங்கிக்கொள்ள, அறைக்குள் நடப்பதை முதலில் அறிய வேண்டும்.

சோதனையாளர் மூவகை வினாக்களைக் கேட்பார். "இன்று செவ்வாய்க்கிழமையா?" என்பது போன்ற சாதாரண வினா ஒருவகை. "முன்பு வேலை செய்த இடத்தில் பணம் திருடினீரா?" என்பது போன்ற நேரடி வினா மற்றொரு வகை. மூன்றாவது வகை, 1947-இல் ஜான் ரீட் என்பார் வகுத்த ஒப்பீட்டு வினா. "உம்மை நம்பியவரிடம் எப்போதேனும் பொய் சொன்னதுண்டா?" என்பது போன்றது அது. இதற்கு 'இல்லை' என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மனிதர் உலகில் அரியர். ஆயினும் வேலை வேண்டும் என்பதால் 'இல்லை' என்றே சொல்வார். சொல்லும்போது சிறிது கலங்குவார் என்று சோதனையாளர் எதிர்பார்க்கிறார். நேரடி வினாவில் எழும் கலக்கம் இதனைவிட மிகுதியாயின் அவர் குற்றமுடையவர், குறைவாயின் குற்றமற்றவர். கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கின்படி, மனச்சான்றுக்கு அஞ்சி வாழ்வின் சிறு பிழைகளையும் முன்கூட்டியே ஒளிவின்றிச் சொல்லிவிடும் நேர்மையாளருக்கு ஒப்பீட்டு வினாவில் கலக்கம் குறைகிறது. திருட்டுப் பழி தம்மீது விழுமோ என்னும் நினைப்பே அவரை நடுங்க வைப்பதால், நேரடி வினாவில் கலக்கம் கூடுகிறது. ஆக, நேர்மையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

இதனினும் வியப்பானது மற்றொன்று. கருவி தவறாது என்ற நம்பிக்கையை ஊட்டுவதற்காகச் சோதனையாளர் முதலில் ஒரு சீட்டு விளையாட்டு நடத்துவதுண்டு. சீட்டுக் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கூறி, எந்தச் சீட்டைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லச் செய்து, இறுதியில் சரியான சீட்டைக் கருவி காட்டிக்கொடுத்ததாக அறிவிப்பார். அந்தச் சீட்டுகளில் சிலர் முன்னரே அடையாளமிட்டு வைத்திருந்தனர்! உண்மையை அறியப் புறப்பட்ட சோதனை, பொய்யான வித்தை ஒன்றோடு தொடங்கிற்று. 1971-இல் அரசு இரகசியங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தபோது, இக்கருவியின் துல்லியம் தமக்குத் தெரியாது, ஆனால் மக்களை நன்கு அச்சுறுத்தும் என்று தெரியும் என்னும் பொருள்படக் குடியரசுத் தலைவர் நிக்சன் தம் அலுவலகத்தில் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியுள்ளது. கருவியின் இயல்பை இதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

கருவியை ஏமாற்றியவர்கள்

ஒரு பூட்டு தோன்றிய உடனே அதற்கு மறுசாவியும் தோன்றுவது உலக இயல்பு. உடலின் கலக்கத்தை ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறும் முறையை, கலக்கத்தைக் கூட்டியோ குறைத்தோ குழப்பிவிடலாம் என்பதை மக்கள் விரைவில் கண்டுகொண்டனர். 1945-இலேயே ஜான் ரீட், சோதிக்கப்படுவோர் தசைகளை இரகசியமாக இறுக்கி இரத்த அழுத்தக் கோட்டை மாற்றிவிடுகின்றனர் என்று எழுதி, உடல் அசைவைப் பதியும் நாற்காலி ஒன்றையும் அமைத்தார். கால் விரலை அழுத்துதல், நாக்கைக் கடித்தல், மனத்திற்குள் எண்களைப் பின்னோக்கி எண்ணுதல் என்று வழிகள் பெருகின. 1981-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், மன அமைதி தரும் மருந்து ஒன்றை உட்கொண்ட மாணவர்கள் கருவிக்கு அகப்படாமல் தப்பினர். பின்னர் வேறொரு மருந்தைக் கொண்டு நடத்திய ஆய்வில் அத்தகைய பயன் தோன்றவில்லை.

ஒஹையோ மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று நெஞ்சை உலுக்குவது. தாம் செய்யாத கொலைக்காக 1978-இல் தண்டனை பெற்றார் ஒருவர். பொய்யறி சோதனையில் அவர் தவறிவிட்டார் என்பது அவருக்கு எதிராக முன்வைக்கப்பட்ட சான்றுகளுள் ஒன்று. உண்மைக் குற்றவாளிகள் பின்னர் அகப்பட, 1980-இல் அவர் விடுதலையானார். சிறையில் இருந்தபோது இக்கருவியைப் பற்றிக் கற்றுத் தேர்ந்த அவர், சிறை விதிகளை மீறியதற்காகச் சோதனைக்கு அனுப்பப்படவிருந்த கைதிகள் 27 பேருக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் பாடம் சொன்னார். அவர்கள் எல்லாரும் தம் குற்றத்தை அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தவர்கள். அவர்களுள் 23 பேர் சோதனையில் தேறினர்! குற்றமற்ற ஆசிரியர் தவற, குற்றமுடைய மாணவர்கள் தேறிய விந்தையான பள்ளி அது.

இதனை ஆய்வுகளும் உறுதி செய்தன. சார்லஸ் ஹாண்ட்ஸ் முதலானோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், அரை மணிக்கு மேற்படாத பயிற்சி பெற்ற 'குற்றவாளிகளுள்' ஏறத்தாழப் பாதிப் பேர் சோதனையை முறியடித்தனர்.

நாட்டுக்கே பெருங்கேடு விளைவித்த எடுத்துக்காட்டு ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்பவருடையது. அமெரிக்க மத்திய உளவுத் துறை அதிகாரியான அவர் 1985-இல் சோவியத் நாட்டிற்கு இரகசியங்களை விற்கத் தொடங்கினார். அவர் காட்டிக்கொடுத்தோருள் பலர் உயிரிழந்தனர். 1986-இலும் 1991-இலும் பொய்யறி சோதனைக்கு உட்பட்ட அவர் இருமுறையும் தேறினார். அவருக்கு மறுபுறத்தார் கூறிய ஆலோசனையில் மந்திரமோ மருந்தோ இல்லை: நன்றாக உறங்கிச் செல்லுதல், பதறாதிருத்தல், சோதனையாளரோடு இணக்கமாகப் பழகுதல். 1994-இல்தான் அவர் கைதானார். அவருடைய வருவாய்க்கு மீறிய செலவு விசாரணையாளர்களின் ஐயத்தை வலுப்படுத்திய காரணங்களுள் முக்கியமானது. நாடி காட்டாததை வங்கிக் கணக்கு காட்டிற்று. பாதுகாப்புத் துறையின் உளவுப் பிரிவில் இருந்துகொண்டு கியூபா நாட்டிற்காக உளவு பார்த்த ஆனா மாண்டெஸ் என்னும் பெண் அதிகாரியும் 1994-இல் சோதனையில் தேறி, 2001 வரை பணியில் நீடித்தார்.

வஞ்சகர் மட்டுமா இவ்வழிகளைத் தேடினர்? சோதனையின் போக்கைக் கேள்வியுற்று அஞ்சிய குற்றமற்றோரும் தேடினர். உண்மை பேசுகிறவர், உண்மை பேசுகிறவரைப் போல் தோன்றுவதற்குப் பயிற்சி பெறும் அவலம் ஏற்பட்டது. அப்பயிற்சியைக் காசுக்குக் கற்பிக்கும் தொழிலும் வளர்ந்தது. ஓக்லஹோமா நகரக் காவல் துறையில் சோதனையாளராயிருந்து விலகி, பின்னர் அதனை வெல்லும் வழியைக் கற்பித்த ஒருவருக்கு 2015-இல் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றத்தை மறைத்து அரசுப் பணியில் சேர விரும்புவோராக வேடமிட்டு வந்த அதிகாரிகளுக்கு அவர் பயிற்சி அளித்தார் என்பது வழக்கு. கருவி தவறாதது என்றால் பயிற்சிக்கு அஞ்ச வேண்டுவது ஏன் என்னும் வினா நம் உள்ளத்தில் எழாமல் இல்லை.

சட்டம் தலையிட்டது

வேலைக்குரிய சோதனையை முதலில் தடுத்த மாநிலம் மாசசூசெட்ஸ், ஆண்டு 1959. பிற மாநிலங்கள் சிலவும் பின்தொடர்ந்தன. 1983-இல் அமெரிக்கப் பேரவையின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. குறிப்பிட்ட குற்றம் ஒன்றை விசாரிக்கும்போது இக்கருவிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நடத்தும் பொதுச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் மிகச் சொற்பம் என்பது அதன் சாரம்.

1988 ஜூன் 27-இல் குடியரசுத் தலைவர் ரீகன் கையொப்பமிட்ட ஊழியர் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தனியார் நிறுவனங்களுள் பெரும்பாலானவை வேலை தேடுவோரையும் ஊழியரையும் இக்கருவிக்கு உட்படுத்துவதை அது தடை செய்தது. காவற்பணி நிறுவனங்கள், போதை தரும் மருந்துகளைக் கையாளும் நிறுவனங்கள் ஆகியவற்றிற்கும், நடந்துவிட்ட திருட்டு பற்றிய விசாரணைக்கும் வரம்புகளோடு விலக்கு அளித்தது. அவ்வாறு அனுமதிக்கப்படும் சோதனையிலும் ஒருவருடைய சமய நம்பிக்கை, அரசியல் கருத்து, இனம் பற்றிய எண்ணம், இல்லற அந்தரங்கம், தொழிற்சங்க ஈடுபாடு ஆகியவற்றைப் பற்றி வினவலாகாது என்று விதித்தது. இவற்றையெல்லாம் விதியாக எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்து, அதற்கு முன் அறைக்குள் என்னென்ன கேட்கப்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் அச்சட்டம் அரசைக் கட்டுப்படுத்தவில்லை. உளவுத் துறைகளிலும் காவல் துறைகளிலும் சோதனை தொடர்ந்தது. 2010-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், எல்லைக் காவல் பணிக்கு விண்ணப்பிப்போர் இச்சோதனைக்கு உட்பட வேண்டும் என்றது. விண்ணப்பித்தோருள் ஏறத்தாழ மூவரில் இருவர் அதில் தவறுகின்றனர் என்று 2017-இல் செய்திகள் வெளிவந்தன. வேலை நாடி வருவோரில் மூன்றில் இரு பங்கினர் பொய்யர் என்று நம்புவதா, அல்லது கருவியை ஐயுறுவதா?

இந்திய உச்ச நீதிமன்றமும் இப்பொருளை ஆராய்ந்துள்ளது. 2010 மே 5-இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி அவரைப் பொய்யறி சோதனைக்கு உட்படுத்துவது அரசியல் சட்டத்தின் 20(3)-ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பதே அப்பிரிவு.

பதினாயிரம் பேரில் பத்துப் பேர்

இப்பொருள் பற்றிய மிக முக்கியமான ஆராய்ச்சி, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2002 அக்டோபரில் வெளியிட்டதாகும். அக்குழு ஓர் எளிய கணக்கைக் காட்டிற்று. ஒரு நிறுவனத்தில் 10,000 பேர் பணிபுரிகின்றனர். அவர்களுள் 10 பேர் ஒற்றர்கள் என்று கொள்வோம். கருவியின் துல்லியத்தையும் தாராளமாகவே மதிப்பிடுவோம். ஒற்றர்களுள் 8 பேர் அகப்படும் வண்ணம் கடுமையாகச் சோதித்தால், 1,606 பேர் தவறுவர். அவர்களுள் 8 பேர்தாம் ஒற்றர். எஞ்சிய 1,598 பேர் குற்றமற்றோர். அப்போதும் ஒற்றர் இருவர் தப்பிவிடுவர். 'இத்தனை நல்லவர்களைத் துன்புறுத்தலாகாது' என்று அளவைத் தளர்த்தினால், தவறுவோர் 41 பேராகக் குறைவர். ஆனால் அவர்களுள் ஒற்றர் இருவரே. 8 பேர் நற்சான்றோடு வெளியேறுவர்.

தீயோர் மிகச் சிலராக இருக்கும் கூட்டத்தில் இத்தகைய வலையை வீசினால், ஒன்று நல்லவர்கள் அகப்படுவர், அல்லது தீயவர்கள் தப்புவர். இரண்டையும் ஒருங்கே தவிர்க்கும் வழி இக்கருவியில் இல்லை. ஏமாற்றும் உத்திகளைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். எனவேதான், ஊழியரைப் பொதுவாகச் சலித்தெடுக்க இக்கருவியை நம்பும் அளவுக்கு அது துல்லியமானதன்று என்று அக்குழு முடிவு கூறிற்று. சோதனையில் தேறியவர் நம்பத்தக்கவர் என்று எண்ணி மற்றக் காவல் முறைகளில் சோர்வடைவதும் ஆபத்து என்று அது எச்சரித்தது. ஏம்ஸின் வரலாறு அதற்கு உரைகல்.

இவ்வரலாற்றை நோக்கும்போது, சோதனையை ஏமாற்றியவர்களைப் பற்றி மட்டும் பேசி அமைவது நீதியாகாது. பதற்றமில்லாத வஞ்சகன் தப்பியதைவிட, பதறிய நல்லவன் வேலை இழந்ததே பெரிய அநீதி. 1,598 என்னும் எண்ணிக்கைக்குள் இருப்பவர்கள் குடும்பத்தைக் காக்கும் தந்தையர், முதல் வேலைக்குச் செல்லும் இளம் பெண்கள், பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். தவறியதற்குக் காரணம் கேட்டால், கோடு உயர்ந்தது என்பதற்கு மேல் அவர்களுக்கு விடை கிடைக்காது. பொய் சொல்லவில்லை என்று அவர்கள் எவ்வாறு மெய்ப்பிப்பர்? முதலாளியின் நட்டத்திற்கு அஞ்சிச் செய்யப்பட்ட ஏற்பாட்டின் முழுச் சுமையும், வேலை கேட்டு வந்த எளியவரின் தோளில் ஏற்றப்பட்டது.

ஒருவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கு முன் அவருடைய முந்தைய பணியை விசாரிக்கலாம். அவரை அறிந்தோரைக் கேட்கலாம். சிறு பொறுப்பைக் கொடுத்து நடத்தையைக் கண்டறியலாம். கணக்குகளை ஒழுங்காகச் சரிபார்க்கலாம். இவற்றிற்கு நேரமும் பொறுமையும் தேவை. அரை நாளில் அறிந்துவிட வேண்டும் என்னும் அவசரம்தான் கருவியைத் தேடியது. இன்று முகக் குறிப்பையும் குரலையும் கண் அசைவையும் கொண்டு நேர்மையை அளப்பதாகக் கூறும் புதிய கணினிக் கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்க எண்ணுவோரும், அவற்றின் முன் அமர நேரும் நம் பிள்ளைகளும் இந்த நூறாண்டு வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாடியின் மீது விரல் வைத்த மருத்துவர் அதில் உள்ளத்தின் கலக்கத்தை மட்டுமே கண்டார். அந்த எல்லையைக் கடந்து வேறொன்றையும் காண முடியும் என்பதற்குப் பின்வந்த கருவிகள் இன்றுவரை போதிய சான்று தரவில்லை.